கரை ஒதுங்கிய அழுகிய உடல் எந்த உயிரினம்? நெல்லைச் சீமைக் கடற்கரைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கூட்டப்புளி, இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி, மணப்பாடு, திருச்செந்தூர், புன்னைக்காயல் என்று நீளும் நம் கரையில் எங்கே ஓர் அழுகிய உடல் ஒதுங்கினாலும், வனத்துறை வந்து சேருவதற்குள் வாட்ஸப்பில் அதற்குப் பெயர் வைத்து முடித்திருப்பார்கள். டைனோசர், கடல்பூதம், கடல்கன்னி, ராட்சதப் பாம்பு. பெரும்பாலும் அது ஒரு சுறாவாகவோ திமிங்கலமாகவோ இருக்கும். ஆனால் அதைச் சொல்ல அனுமானம் போதாது, சோதித்துப் பார்க்க ஒரு முறை வேண்டும்.

முறையின் அடிப்படை இது: கிடப்பது முழு உடல் அல்ல, மிச்சம். மிஞ்சிய உருவத்தைப் பார்த்து "இது எதைப் போல இருக்கிறது" என்று கேட்டால் விடை எப்போதும் ஏதாவதொரு பூதத்தில் போய்த்தான் நிற்கும். எது எது கழன்று போயிருக்கிறது என்று கேட்க வேண்டும். சுறா ஒரு வரிசையில் கழலும், திமிங்கலம் வேறொரு வரிசையில் கழலும். அந்த வரிசை தெரிந்தவருக்கு மிச்சத்திலிருந்து முழு உடலும் புலப்படும்.

கிட்டே போகும் முன்

காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். அழுகும் உடலிலிருந்து வரும் வாயுக்களில் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டு. எதிர்க்காற்றில் குனிந்து பார்த்தால் தலை சுற்றும். ஊதிய உடல் மேல் ஏறவோ, கம்பால் குத்தவோ, கத்தியால் கீறவோ கூடாது. தைவானின் தைனான் நகரில் 2004 ஜனவரியில் லாரியில் ஏற்றிக்கொண்டு போன எண்ணெய்த் திமிங்கலம், உள்ளே சேர்ந்த வாயுவால் நடுத்தெருவில் வெடித்தது. சித்திரை வெயிலில் நம் மணல் கொதிக்கும்போது அதே காரியம் சின்ன ஓங்கியிலும் (டால்பின்) நடக்கும், அளவுதான் குறைவு.

கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கடல் பாலூட்டிகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் புருசெல்லா போன்ற கிருமிகள் கையிலுள்ள சின்னக் கீறல் வழியாகவே உள்ளே போய்விடும். நாய்களைத் துரத்துங்கள். பிள்ளைகளை அலை அடிக்கும் பக்கம் நிற்க விடாதீர்கள்; ஒரு பெரிய அலை பல டன் உடலைப் புரட்டிக் கால்மேல் போட்டுவிடும்.

சட்டத்தையும் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். திமிங்கலம், ஓங்கி, ஆவுளியா (கடற்பசு), கடலாமை, திமிங்கலச் சுறா ஆகியவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. செத்துக் கிடந்தாலும் அரசின் சொத்து. ஒரு பல்லைக்கூட நினைவுக்கு என்று எடுத்துப் போகக் கூடாது. கைக்கு ஏதாவது வந்து சேர்ந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிடமோ தெரிவிக்க வேண்டும். உடலைக் கண்டவுடன் முதல் அழைப்பு வனத்துறைக்கு. எண் கையில் இல்லையென்றால் கடலோரக் காவல் குழுமத்தின் 1093. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும் மீன்வளக் கல்லூரியும் இருக்கின்றன. அடையாளம் காணத் தெரிந்தவர்கள் இவ்வளவு பக்கத்தில் இருப்பது நம் கரைக்கு உள்ள வசதி.

அளவும் படமும்

பெரும்பாலான உடல்கள் அடையாளம் தெரியாமலே போவதற்குக் காரணம் உடல் இல்லாமல் போனது அல்ல, படம் சரியில்லாமல் போனதுதான். ஆள் பக்கத்தில் நின்று சிரிக்கும் செல்ஃபியால் ஒரு பயனும் இல்லை.

உடலுக்குச் செங்குத்தாக நின்று, நடுவிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி, இரு பக்கமும் ஒவ்வொரு படம். பிறகு தலைமுனை, வாலின் முனை, துடுப்புகள், வாய், வயிறு, எலும்பு தெரியும் இடம், நார் தொங்கும் இடம் என்று தனித்தனியாக. கைப்பேசியின் அகலக் கோண லென்ஸ் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் முனையைப் பெரிதாக்கி, தூர முனையைச் சுருக்கிக் காட்டும். இல்லாத "நீண்ட கழுத்து" பல படங்களில் இப்படித்தான் முளைக்கிறது. ஒவ்வொரு நெருக்கப் படத்திலும் அடி ஸ்கேல் இருக்கட்டும். ஸ்கேல் இல்லையென்றால் புது 500 ரூபாய்த் தாள் 15 செ.மீ. நீளம், பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். செருப்பும் தண்ணீர்ப் பாட்டிலும் ஆளுக்கு ஆள் மாறும்.

நீளத்தை உடலின் வளைவோடு ஒட்டி அளக்காதீர்கள். மூக்கு நுனிக்கும் வால் பிளவுக்கும் இடையே மணலில் நேர்கோடாக டேப் பிடியுங்கள். தலையோ வாலோ இல்லையென்றால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். "4 மீட்டர்" என்பதும் "தலையில்லாமல் 4 மீட்டர்" என்பதும் இரண்டு வேறு விலங்குகள். இருப்பிடம், தேதி, நேரம், காற்றின் திசை நான்கையும் அப்போதே குறித்துவிடுங்கள்.

அழுகல் நிலைக்கு உலகெங்கும் ஐந்து எண் வைத்திருக்கிறார்கள்: 1 உயிரோடு, 2 புதிதாக இறந்தது, 3 ஊதித் தோல் உரியத் தொடங்கியது, 4 உருக்குலைந்தது, 5 காய்ந்த தோலும் எலும்பும். உங்கள் குறிப்பில் இந்த எண்ணைப் போட்டால், வருகிறவர் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று புறப்படும் முன்பே முடிவு செய்துவிடுவார்.

எலும்பா, குருத்தெலும்பா?

எல்லாக் கேள்விக்கும் முந்திய கேள்வி இதுதான். பெரிய மீன் வகைகளில் சுறா, உழுவை (கிட்டார் மீன்), திருக்கை மூன்றுக்கும் எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். திமிங்கலம், ஓங்கி, ஆவுளியா, ஆமை, மாடு எல்லாவற்றுக்கும் எலும்பு உண்டு.

விலகிக் கிடக்கும் ஒரு முதுகெலும்புத் துண்டைக் குனிந்து பாருங்கள். வட்டமாக, தடித்த வில்லையாக, இரண்டு முகமும் உள்பக்கம் குழிந்து, குழிக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் தெரிந்து, சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கும் கிளை எதுவும் இல்லையென்றால் சுறா. ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்கு நெடுக்காக வெட்டினால் உள்ளே உடுக்கை வடிவம் இருக்கும். இரண்டு முகமும் குழிந்து, மேலும் கீழும் நீண்ட முள் ஒட்டியபடியே இருந்தால் சூரை, தளப்பத்து போன்ற முள்மீன். முகம் தட்டையாக, வெட்டுப்பரப்பு நுரைக்கல்லைப் போலத் துளைத்துளையாக, மேலே ஒன்றும் பக்கவாட்டில் இரண்டுமாகக் கிளைகள் நீண்டிருந்தால் திமிங்கல இனம். குட்டித் திமிங்கலமாக இருந்தால் அந்தத் தட்டை முகம் மெல்லிய வட்டத் தகடாகத் தனியே கழன்று மணலில் கிடக்கும். அதைத் தனி எலும்பு என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

கழுத்துப் பகுதி முதுகெலும்பின் ஒரு முகம் உருண்டையாகப் புடைத்து மறுமுகம் கிண்ணமாகக் குழிந்திருந்தால் மாடாகவோ குதிரையாகவோ இருக்கலாம். தாமிரபரணி புன்னைக்காயலில் கடலோடு சேர்கிறது. 2023 டிசம்பர் வெள்ளம் போல ஒரு வெள்ளம் வந்து போனால், ஆடு மாடுகள் கடலில் ஊறி, முடி உதிர்ந்து, வெள்ளைத் தோலோடு ஊதிப் பல மைல் தள்ளி ஒதுங்கும். முடியில்லாத மாட்டை யாரும் மாடு என்று சொல்வதில்லை. குளம்பைத் தேடுங்கள், குளம்பு கழன்றிருந்தால் கடைவாய்ப் பல்லைத் தேடுங்கள்.

சுறா எப்படி "டைனோசர்" ஆகிறது

சுறாவின் தாடையும் செவுள் வளைவுகளும் தலையோடு தசையாலும் நாராலும்தான் பிணைந்திருக்கின்றன. தசை அழுகியதும் அவை முதலில் கழன்று விழும். மிஞ்சுவது மூளையைச் சுற்றிய சின்னக் குருத்தெலும்புப் பெட்டியும் அதன் பின்னால் முதுகுத்தண்டும் மட்டும். பார்ப்பவர் கண்ணுக்குச் சின்னத் தலை, நீண்ட பாம்புக் கழுத்து.

அடுத்து வால். சுறாவின் முதுகுத்தண்டு வாலின் மேல் மடலுக்குள்தான் ஓடுகிறது. கீழ் மடலுக்குள் தண்டு இல்லை, அதனால் அது விழுந்துவிடும். மிஞ்சுவது மெல்லிய நீண்ட வால். முன் துடுப்பு இரண்டும் பின் துடுப்பு இரண்டும் சேர்ந்து நான்கு கால் ஆகின்றன. ஆண் சுறாவாக இருந்தால் பின் துடுப்பின் உள்விளிம்பில் நீளும் இரண்டு இனப்பெருக்க உறுப்புகள் இன்னும் இரண்டு கால். துடுப்புகளின் தோல் உரிந்ததும் உள்ளிருக்கும் நார்கள் பிரிந்து தொங்கும், அதுதான் "பிடரிமயிர்".

1808-இல் ஸ்காட்லாந்தின் ஸ்ட்ரான்சே தீவில் ஒதுங்கிய பிடரியும் ஆறு காலும் உள்ள "பூதம்" இப்படி உருவானதுதான். 1977 ஏப்ரலில் நியூசிலாந்துக் கடலில் சுய்யோ மாரு என்ற ஜப்பானிய மீன்பிடிக் கப்பலின் வலையில் ஏறிய 10 மீட்டர் உடலும் அப்படியே. நாற்றம் தாங்காமல் அதைக் கடலில் தள்ளிவிட்டார்கள். ஆனால் அதற்கு முன் படமும் அளவும் எடுத்து, துடுப்பிலிருந்து சில நார்களையும் வெட்டி வைத்தார்கள். அந்த நாரின் அமினோ அமிலக் கணக்கு சுறாத் துடுப்பு நாரோடு ஒத்துப்போனது. ஒரு பிடி நார் இல்லையென்றால் அது இன்றைக்கும் டைனோசராகவே இருந்திருக்கும்.

அந்த இரண்டும் குளிர்ந்த கடலில் வாழும் மேய்ச்சல் சுறாவை (basking shark) சேர்ந்தவை என்பது இன்றைய முடிவு. அந்த இனம் நம் கடலுக்கு உரியதல்ல. வெளிநாட்டுக் கட்டுரையைப் படித்துவிட்டு உவரியில் கிடப்பதற்கும் அதே பெயரை வைப்பது நாம் அடிக்கடி பார்க்கும் பிழை. இங்கே 6 மீட்டருக்கு மேல் ஒரு சுறா உடல் கிடந்தால் முதலில் திமிங்கலச் சுறாவை நினையுங்கள். தோல் துண்டு ஒன்று மிஞ்சியிருந்தாலும் போதும்: சாம்பல் நிறத்தின் மேல் வெள்ளைப் புள்ளியும் கோடும், பக்கவாட்டில் உடல் நெடுக ஓடும் மேடுகளும் தெரியும். கையுறையோடு தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கி, திருப்பித் தடவினால் உப்புத்தாளாகச் சொரசொரக்கும் தோல் எந்தச் சுறாவுக்கும் உரியது. திமிங்கலத் தோலில் அது ஒருபோதும் இருக்காது.

திமிங்கலமும் ஓங்கியும்

வால் மடல் மிஞ்சியிருந்தால் வேலை பாதி முடிந்தது. மீனின் வால் செங்குத்தாக நிற்கும். திமிங்கலம், ஓங்கி, ஆவுளியா மூன்றின் வாலும் படுக்கையாக விரியும். ஆனால் உடல் பக்கவாட்டில் புரண்டு கிடந்தால் இது தலைகீழாகத் தெரியும். முதுகு எது வயிறு எது என்று முதலில் தீர்மானித்துவிட்டு வாலைப் பாருங்கள்.

திமிங்கலத்தின் கறுத்த மேல்தோல் சில நாளிலேயே தாள் தாளாக உரிந்து, உள்ளே வெள்ளை தெரியும். "வெள்ளை மிருகம்" என்ற செய்தி வந்தால் அது நிறமல்ல, உரிந்த நிலை. உள்வாயு தள்ளுவதால் நாக்கு வெளியே வந்து நிற்கும். ஆண் என்றால் இனப்பெருக்க உறுப்பும் நீண்டு வெளியே விழும். அதைத்தான் கை என்றும், ஒட்டியிருக்கும் பாம்பு என்றும் சொல்வார்கள். பிறகு கீழ்த்தாடை விழும், மண்டையோடு விலகும், எலும்புகள் ஒவ்வொன்றாகக் கொழுப்புப் பையிலிருந்து நழுவிக் கடலடிக்குப் போகும். பெரிய திமிங்கலத்தின் கீழ்த்தாடை எலும்பு வளைந்து நீண்டு தனியே ஒதுங்கும்போது தந்தம் என்று பேச்சு கிளம்பும். முன் துடுப்பின் தோல் உரிந்தால் உள்ளே விரல் எலும்புகள் தெரியும். மனிதக் கை என்று பயப்படாமல் விரலின் கணுக்களை எண்ணுங்கள். நமக்கு மூன்றுக்கு மேல் கிடையாது, திமிங்கல இனத்தின் நடுவிரல்களில் அதைவிட அதிகம்.

இனத்தைச் சொல்ல வாய்தான் வேண்டும். பல் இல்லாமல், மேல்தாடையில் விளிம்பு பிய்ந்து நாராகும் கொம்புத் தகடுகள் வரிசையாக இருந்தால் பலீன் திமிங்கலம். தொண்டையிலிருந்து வயிறு வரை நீளும் மடிப்புகளும், தலைமேல் ஒன்றுக்கு மூன்று மேடுகளும் இருந்தால் பிரைட் திமிங்கலம். கீழ்த்தாடையில் மட்டும் பக்கத்துக்கு 18 முதல் 26 வரை பெரிய கூம்புப் பல் இருந்தால் எண்ணெய்த் திமிங்கலம். சின்னதில், கூம்புப் பல் என்றால் ஓங்கி. பல் நுனி மண்வெட்டியாகத் தட்டையாக இருந்து முதுகுத் துடுப்பும் இல்லையென்றால் துடுப்பில்லாக் கடற்பன்றி. பல் விழுந்திருந்தால் குழிகளை எண்ணுங்கள். அதுவும் அதே கணக்குதான்.

உருண்டைத் தலை, பக்கத்துக்கு 7 முதல் 9 பல் மட்டும், 4 முதல் 7 மீட்டர் நீளம் என்றால் குறுந்துடுப்பு பைலட் திமிங்கலம். நம் கரைக்கு இது புதிதல்ல. 1973 ஜனவரியில் மணப்பாடு பக்கம் 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் மணப்பாடு, திருச்செந்தூர் கரையில் மறுபடி 80-க்கும் மேற்பட்டவை ஏறின, 45 செத்தன. செத்தவற்றைக் கரையிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். ஆகவே அந்தப் பகுதியில் மணலரிப்புக்குப் பிறகு எலும்பு வெளிப்பட்டால், புதிதாக ஒதுங்கியது என்று அறிவிக்கும் முன் பழைய புதைகுழியா என்று வனத்துறையிடம் கேளுங்கள். கொழுப்பு வாடை இல்லாமல், வெளிறி, எளிதில் பொடியும் எலும்பு பழையது.

மண்டையோட்டின் அடிப்பக்கம் காது எலும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். சோழி வடிவத்தில், கையளவு சிறியதாக, கல்லைப் போல் கனக்கும். மற்ற எலும்பெல்லாம் தேய்ந்து போன பிறகும் இது மிஞ்சும். இதன் நெருக்கப் படம் ஒன்று போதும், ஆய்வாளர் இனத்தை நெருங்கிவிடுவார்.

ஆவுளியா

அழுகிய ஆவுளியாவை ஓங்கி என்று எழுதிவிடுவது வழக்கமான பிழை. இரண்டுக்கும் வால் ஒன்றுபோல. வித்தியாசம் மூன்று: ஆவுளியாவுக்கு முதுகுத் துடுப்பு இல்லை, முகவாய் கீழ்நோக்கி மடிந்திருக்கும், மார்க்காம்பு முன்துடுப்பின் அக்குளில் இருக்கும், ஓங்கிக்கு அது வயிற்றின் பின்பகுதியில். உருக்குலைந்துவிட்டால் விலா எலும்பைப் பாருங்கள். மஜ்ஜைக்கான பொந்து இல்லாமல் உள்ளே கெட்டியாக, அளவுக்கு மீறிக் கனமாக இருக்கும். 3 மீட்டர் அளவில், முடியில்லாத, கனத்த விலா உள்ள உடல் கிடந்தால் உடனே தகவல் சொல்லுங்கள். மன்னார் வளைகுடாவில் மிஞ்சியிருப்பவை மிகக் குறைவு. ஒவ்வொரு சாவும் எங்கே, எப்போது, எந்த வயதில் என்பது பதிவாக வேண்டும்.

எலும்பே இல்லாத பிண்டம்

கண் இல்லை, வாய் இல்லை, எலும்பு இல்லை. வெளிறிய, ரப்பராக இழுபடும், நார் நாரான ஒரு குவியல். உலகில் அதிகம் சண்டை நடந்தது இதைப் பற்றித்தான். அமெரிக்காவின் செயின்ட் அகஸ்டினில் 1896-இல் ஒதுங்கியதை ராட்சத ஆக்டோபஸ் என்று சிலர் நூறு ஆண்டு நம்பினார்கள். சிலியில் 2003-இல் ஒதுங்கிய 12 மீட்டர் பிண்டத்தின் டிஎன்ஏவைப் பார்த்தபோது அது எண்ணெய்த் திமிங்கலம் என்று முடிந்தது. அதே ஆய்வில் செயின்ட் அகஸ்டின் மாதிரியும் திமிங்கலக் கொழுப்படுக்கின் கொலாஜன் என்ற நார்ப்புரதம் என்று தெரிந்தது. எலும்பு நழுவி, எண்ணெய் கரைந்து வெளியேறிய பிறகு மிஞ்சும் நார்வலைதான் அந்தப் பிண்டம்.

"முடி" இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஓர் இழையைப் பின்தொடர்ந்து அதன் அடி வரை பாருங்கள். முடி தோலில் ஒரு குழியிலிருந்து முளைக்கும், தனித்தனியாக நிற்கும். கொலாஜன் நார் சதையிலிருந்தே பிரிந்து வரும், அடியில் கிளைத்து ஒன்றோடொன்று பின்னியிருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓடு கழன்ற ஆமையில் விலா எலும்புகள் சீப்பாகத் தெரியும். பல் இல்லாத அலகைப் பார்த்தால் சந்தேகம் தீரும். ஓட்டுத் தகடு மிஞ்சியிருந்தால் நடு வரிசைக்குப் பக்கத்து வரிசையை எண்ணுங்கள்: 4 என்றால் பேராமை அல்லது அழுங்காமை, 5 என்றால் பெருந்தலை ஆமை, 6-க்கு மேல் என்றால் பங்குனி ஆமை. உழுவையையும் திருக்கையையும் மல்லாத்திப் போட்டால் மூக்குத் துளை இரண்டும் கண்ணாக, வாய் வாயாக மனித முகம் தெரியும். கண் உண்மையில் மறுபக்கம் இருக்கிறது. ஊதிய பேத்தை மீனை நாய்க்குப் போடாதீர்கள், செத்த பிறகும் நஞ்சு போகாது. கழுத்தும் வாயுமாக நெளியும் "கூட்டு உயிர்" ஒரு மரத்தடியாக இருக்கலாம், மேலே கொட்டலசு (மரத்தில் ஒட்டி வாழும் சின்ன ஓட்டுயிர்) மொய்த்தபடி.

மெழுகாக, சாம்பல் நிறத்தில் உருண்டை கிடைத்தால் அம்பர் (திமிங்கல வாந்தி என்று சொல்லப்படுவது) என்று ஓடிப்போய் விலை பேசாதீர்கள். கப்பலிலிருந்து கொட்டிய கொழுப்பும் பாரஃபின் மெழுகும் அப்படியே இருக்கும். உண்மையில் அம்பராக இருந்தாலும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். வனத்துறையிடம் ஒப்படைப்பது ஒன்றுதான் வழி.

மாதிரி எடுப்பது

இது வனத்துறை அனுமதியோடு, அவர்கள் முன்னிலையில் மட்டும். வெயில் பட்ட மேல்பரப்பில் டிஎன்ஏ சிதைந்திருக்கும்; உள்ளே ஆழத்தில், நிறம் மாறாத தசையிலிருந்து விரல் நுனியளவு இரண்டு துண்டு போதும். சதையே இல்லையென்றால் பல்லோ, கெட்டியான எலும்புத் துண்டோ. 95 சதவீத எத்தனாலில், துண்டைப்போல் ஐந்து மடங்குக்குக் குறையாத அளவு ஊற்றி வையுங்கள். துண்டு பெரிதாகி எத்தனால் குறைந்தால் நடுப்பகுதி உள்ளேயே அழுகிவிடும். ஃபார்மலினில் போட்டுவிட்டால் டிஎன்ஏ பிணைந்து பயனற்றுப் போகும். நல்ல மாதிரிகள் பாழாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு துண்டுக்கு ஒரு புதுப் பிளேடு. சீட்டைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள், பேனா மையை எத்தனால் கரைத்துவிடும்.

எதனால் செத்தது என்பது தனிக் கேள்வி. அதற்கு நுரையீரலும் ஈரலும் குடலும் கெடாமல் இருக்கும் 2-ஆம் நிலையில், அதிகம் போனால் 3-ஆம் நிலையில், கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்க்க வேண்டும். 4-ஆம் நிலை உடலின் படத்தை வைத்துக்கொண்டு கப்பல் இடித்தது, விஷம், ஆலைக் கழிவு என்று யாரும் சொல்ல முடியாது. வலைத் தழும்பும் கயிறு அறுத்த கோடும் தெரிந்தால் மட்டும் அதைப் படமெடுத்துத் தனியே குறித்துக் கொடுங்கள்.

புதைக்கும்போது அலை எட்டாத மேட்டில், ஜேசிபியால் ஆழமாகத் தோண்டச் சொல்லுங்கள். தலை எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் குழியின் ஜிபிஎஸ் புள்ளியையும் படங்களோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள். மண்டையோடும் காது எலும்பும் பின்னால் தேவைப்பட்டால் குழி முழுவதையும் கிளறாமல் அந்த முனையில் மட்டும் தோண்டினால் போதும்.